சில்லறை மன்னிப்பு

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நம் ஊர்ப் பெரியவர்கள் வேர்வைக்காகச் சட்டைக் காலரில் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரிதான். வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில், பாக்சைடு பகுதியில், சுதந்திர டெர்ரி அருங்காட்சியகத்தில் அதற்கு எதிரே நான் நின்ற கால் மணி நேரத்தில் ஒன்பது பேர் வந்து போனார்கள். எட்டுப் பேர் குனிந்து குறிப்பைப் படித்தார்கள். ஒன்பதாவது ஆள் எழுபதைத் தாண்டியவர். அவர் குறிப்பையும் படிக்கவில்லை, கைக்குட்டையையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும்.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணை இல்லாமல் ஆட்களைப் பிடித்துச் சிறையில் போடுவதை எதிர்த்து இந்தத் தெருக்களில் ஊர்வலம் போனது. பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டது. பதின்மூன்று பேர் அன்றே செத்தார்கள், ஒருவர் சில மாதம் கழித்து. ஜாக்கி டடி என்ற 17 வயதுப் பையனைச் சிலர் தூக்கிக்கொண்டு ஓட, அவர்களுக்கு முன்னால் எட்வர்ட் டேலி என்ற பாதிரியார் கூனிக் குறுகி இந்தக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டே போனார். உலகம் முழுக்க அச்சான படம் அது. படத்தில் இல்லாத சேதி ஒன்று உண்டு. பையனின் துணிமணிகளோடு கைக்குட்டையும் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவனுடைய சகோதரி அதைப் பல வருஷம் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார். கைப்பை என்றால் என்ன இருக்கும்? சாவி, சில்லறை, மருந்துச் சீட்டு. அவற்றோடு இதுவும்.

அருங்காட்சியகம் நிற்கிற இடமே கொலை நடந்த இடம்தான். குண்டு பட்ட சுவர் ஒன்றை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் அந்தப் பள்ளத்தை நோக்கி விரலை நீட்டினான். அம்மா கையைத் தட்டிவிட்டாள். அடிக்கிற மாதிரி இல்லை, அடுப்புப் பக்கம் போகும் குழந்தையைத் தட்டுவோமே, அப்படி.

என் மகள் பெல்ஃபாஸ்டில் செவிலியர். இரண்டு மாதம் அவள் வீட்டில் இருக்கப் போனேன். அவள் வேலைக்குக் கிளம்பியதும் எனக்கு உத்தியோகம் பஸ் ஏறுவதும் இறங்குவதும்தான். முதல் நாளே சொல்லிவிட்டாள்: “அப்பா, எங்க வேணா போங்க. யாருகிட்டயும் நீங்க எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுடாதீங்க.” அங்கே ஒரு பழைய நகைச்சுவை உண்டாம். நான் இந்து என்று ஒருவர் சொன்னால், சரி, கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டண்ட் இந்துவா என்று திருப்பிக் கேட்பார்களாம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே பக்கம் தெரிந்துவிடும். டெர்ரி என்றால் ஒரு கட்சி, லண்டன்டெர்ரி என்றால் மறு கட்சி. வழிகாட்டிப் பலகைகளில் ‘லண்டன்’ மட்டும் சுரண்டப்பட்டிருந்ததைப் பஸ் ஜன்னலிலிருந்து நானே பார்த்தேன்.

முப்பது ஆண்டுக் கொலைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ட்ரபிள்ஸ்’. தொந்தரவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கூரை ஒழுகினாலும் சம்பந்தி வீட்டார் வந்து பத்து நாள் தங்கினாலும் சொல்லக்கூடிய வார்த்தை. 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஆறு சாவுகள் வடக்கை அயர்லாந்தோடு சேர்க்க விரும்பிய ஐ.ஆர்.ஏ. முதலான குடியரசுவாதக் குழுக்களின் கணக்கில், மூன்று பிரிட்டனோடு இருக்க விரும்பிய விசுவாசிகளின் ஆயுதக் குழுக்கள் கணக்கில், ஒன்று ராணுவம், போலீஸ் கணக்கில். மொத்த மக்கள்தொகையே அன்று பதினைந்து லட்சம்தான். யாரைத் தொட்டாலும் ஒரு சாவு இருக்கும். ஆகையால் யாரும் யாரையும் தொடுவதில்லை.

2025 அக்டோபர் 23, வியாழக்கிழமை. டெர்ரியில் நகர மண்டபமான கில்டுஹாலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர். பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் அன்று தீர்ப்பு. ஜேம்ஸ் ரே, வில்லியம் மெக்கின்னி இருவரையும் கொன்றதாகவும் இன்னும் ஐந்து பேரைக் கொல்ல முயன்றதாகவும் ஒரு முன்னாள் பாராசூட் படைவீரர் மீது வழக்கு. அவருக்குப் பெயர் கிடையாது. ‘சோல்ஜர் எஃப்’. விசாரணை நடந்தபோது திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். 53 வருஷம் காத்திருந்த குடும்பங்கள் ஐந்து வாரம் பார்த்தது அந்தத் துணியை.

வானொலியில் செய்தி தொடங்கியதும் கடைக்காரப் பெண் சத்தத்தைக் கூட்டினாள். எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுதலை. சத்தத்தைக் குறைத்தாள். பிறகு அணைத்தே விட்டாள். கத்தல் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. ஜன்னலோரம் இருந்த அம்மாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தடவின இடத்தையே திரும்பத் தடவினார். கத்தி ரொட்டியைக் கிழித்துக்கொண்டு தட்டில் கீச்சென்று இழுபட்டது. அதற்குப் பிறகுதான் யாரோ இருமினார்கள், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், கடை மறுபடி கடையானது.

தீர்ப்பை அன்று இரவு முழுக்கப் படித்தேன். நீதிபதி பேட்ரிக் லிஞ்ச் படையினரைத் தப்பவிடவில்லை. தன் நாட்டு நகரத் தெருவில் ஓடுகிற நிராயுதபாணிகளை முதுகில் சுட்டவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். ஆனால் இந்த ஆளைத் தண்டிக்கச் சாட்சியம்? கூட இருந்த ‘ஜி’, ‘எச்’ என்ற இரு வீரர்கள் 1972-ல் கொடுத்த வாக்குமூலங்கள்தான். ‘ஜி’ செத்துப்போனார். ‘எச்’ கூண்டில் ஏறிப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். குறுக்கு விசாரணை செய்ய முடியாத காகிதத்தை வைத்து ஒருவரை ஆயுள் தண்டனைக்கு அனுப்ப முடியாது என்றார் நீதிபதி. அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. நீதி செத்தது அன்றைக்கு இல்லை, 1972-லேயே. அப்போது துப்பாக்கிகள் இருந்தன, குண்டுகள் இருந்தன, ஞாபகங்கள் சூடாக இருந்தன. சுட்ட வீரர்களைச் சாதாரண போலீஸ் விசாரிக்கக்கூட இல்லை. ராணுவத்தின் சொந்தப் போலீஸ்தான் வாக்குமூலம் எழுதிக்கொண்டது, அப்படி ஓர் ஏற்பாடு. தலைமை நீதிபதி விட்ஜெரி 11 வாரத்தில் விசாரித்து முடித்து, செத்தவர்களில் சிலர் மீதே சந்தேகத்தைத் தூக்கிப்போட்டார். அதைத் துடைக்க சாவில் பிரபுவின் ஆணையத்துக்கு 12 வருஷமும் 19 கோடி பவுண்டுக்கு மேலும் பிடித்தது. 2010 ஜூன் 15 அன்று அறிக்கையைப் படித்த குடும்பத்தினர் கில்டுஹால் ஜன்னல்களின் சந்து வழியாகக் கையை வெளியே நீட்டிக் கட்டை விரலைக் காட்டினார்கள். அந்த ஜன்னல்களின் கீழே தீர்ப்பு நாளில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வண்ணக் கண்ணாடிகள். மூடியிருந்தன.

அக்டோபர் 23-க்கு இன்னொரு முகம் உண்டு. அதை மறுநாள்தான் பார்த்தேன். பெல்ஃபாஸ்ட் ஷாங்கில் சாலை, புராட்டஸ்டண்ட் பேட்டை. 1993-ல் அதே தேதி, ஒரு சனிக்கிழமை மதியம். மீன் கடைக்குள் இரண்டு ஐ.ஆர்.ஏ.க்காரர்கள் மீன் கொண்டுவரும் ஆட்கள் மாதிரி குண்டோடு நுழைந்தார்கள். மேல் மாடியில் எதிர்த் தரப்பு ஆயுதக் குழுத் தலைவர்கள் கூட்டம் நடப்பதாக எண்ணம். மாடியில் யாரும் இல்லை. குண்டு முன்னதாகவே வெடித்தது. வாரக் கடைசிக்கு மீன் வாங்க வந்தவர்கள், கடைக்காரர், அவர் மகள், இரண்டு சிறுமிகள் என்று ஒன்பது பேர் செத்தார்கள். கொண்டுவந்தவர்களில் ஒருவரும் செத்தார். பிழைத்தவருக்கு ஒன்பது ஆயுள் தண்டனை. 2000-ல் வெளியே வந்துவிட்டார்.

முந்தின நாள் வைத்த பூச்செண்டுகள் நினைவிடத்தில் கிடந்தன. சாமந்தி, ரோஜா, அந்த ஊர் ஊதாப் பூக்கள். ஒன்றில் பேரங்காடியின் விலைச்சீட்டு பிய்க்கப்படாமலே இருந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தார், நின்றார். போகும்போது குனிந்து அந்த விலைச்சீட்டை மட்டும் நகத்தால் கிளறிக் கிளறி எடுத்துச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் வைத்த பூ இல்லை அது. அவர் பூ எதுவும் கொண்டுவரவில்லை.

குண்டு கொண்டுபோனவர் வெளியே வந்தது எப்படி என்றால், 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி ஒப்பந்தம். இரு தரப்பும் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும் என்றால் கைதிகளை விட்டாக வேண்டும். சண்டை நிறுத்தத்தில் இருக்கும் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்ன தண்டனை பெற்றிருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் விடுதலை. 400 பேருக்கு மேல் வந்தார்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய குற்றத்துக்காக இனிமேல் பிடிபட்டாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டியதில்லை. அந்த மே மாதம் வாக்கெடுப்பில் 71 சதவீதம் பேர் சரி என்று குத்தினார்கள். குத்தியவர்களில் அப்பனைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அப்புறம் அங்காடியில் பால் வாங்கும் வரிசையில் அப்பனைச் சுட்டவனும் நிற்கக்கூடும். சின்ன ஊர்.

இப்படித்தான் அந்த நாடு மன்னிப்பைச் சில்லறையாகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஏதோ ஒரு சாமான் கைக்கு வந்தது. கைதிகளை விட்டார்கள், துப்பாக்கிச் சத்தம் நின்றது. ஒப்படைத்த ஆயுதங்களைத் தடயவியல் சோதனைக்கு உட்படுத்துவதில்லை என்றார்கள், ஆயுதக் கிடங்குகள் காலியாயின. தலைமறைவாக இருந்த சுமார் 190 ஐ.ஆர்.ஏ.க்காரர்களுக்கு ‘உங்களைத் தேடவில்லை’ என்று ரகசியமாகக் கடிதம் கொடுத்தார்கள், அரசியல் நகர்ந்தது. அப்படி ஒரு கடிதம் தவறாகப் போய்ச் சேர்ந்ததால் ஹைட் பார்க் குண்டுவெடிப்பு வழக்கு 2014-ல் சரிந்தபோதுதான் பொதுஜனத்துக்கே விஷயம் தெரிந்தது. 1982-ல் லண்டன் பூங்காவில் நான்கு வீரர்களும் ஏழு குதிரைகளும் செத்த வழக்கு. குதிரைகளுக்காக அழுத இங்கிலாந்து கடிதத்தைக் கண்டு கொதித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் சிநேகிதி காரில் தெற்கு அர்மா பக்கம் கூட்டிப்போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கிங்ஸ்மில் என்ற இடத்தில் சாலையோரம் ஒரு நினைவிடம், பத்துப் பெயர்கள். நான் மட்டும் இறங்கினேன். காருக்குள் துடைப்பான் டக் டக் என்று ஆடுவது கேட்டது.

1976 ஜனவரி 5. துணி ஆலையில் வேலை முடிந்து ஒரு சிற்றுந்தில் தொழிலாளிகள் வீடு திரும்புகிறார்கள். படை உடையில் ஆட்கள் வழிமறிக்கிறார்கள். ராணுவம் என்று நினைத்து இறங்கினார்கள். கத்தோலிக்கன் யார் என்று ஒரு குரல் கேட்டது. ஒரே ஒருவர்தான் கத்தோலிக்கர். வந்திருப்பவர்கள் புராட்டஸ்டண்ட் கொலைகாரர்கள், இவரைத்தான் கொல்லப் போகிறார்கள் என்று மற்றவர்களுக்குப் பட்டுவிட்டது. பக்கத்தில் நின்ற கூட்டாளிகள் அவர் கை மேல் கை வைத்து அழுத்தினார்கள். வாயைத் திறக்காதே. ஆனால் அந்த ஆளை ஓடு என்று விரட்டிவிட்டு, வரிசையாக நின்ற பதினொரு பேரையும் சுட்டார்கள். 130 குண்டுக்கு மேல். பதினெட்டுக் குண்டு பட்ட ஒருவர் மட்டும் பிழைத்தார்.

முந்தின நாள் சாயங்காலம், அங்கிருந்து சில மைலில், வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ரேவி சகோதரர்கள் மூவரையும், வேறோர் ஊரில் ஓடவுட் குடும்பத்து மூவரையும் சுட்டிருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள். சுட்ட கும்பலில் போலீஸ்காரர்களும் உள்ளூர்ப் படைப்பிரிவு ஆட்களும் கலந்திருந்தார்கள். அதற்குப் பழிவாங்கல்தான் கிங்ஸ்மில் என்று சொல்வார்கள். 2024 ஏப்ரலில் மரண விசாரணை நீதிபதி இது ஐ.ஆர்.ஏ. செய்தது, அப்பட்டமான மதவெறிக் கொலை என்று எழுதினார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தக் கை என்னை விடவில்லை. இருட்டு, சாலை, துப்பாக்கி முன்னால் நிற்கும்போது பக்கத்து ஆளின் கையைத் தேடிப் பிடித்து அழுத்துகிற ஒரு கை. சட்டத்துக்கும் சமரசத்துக்கும் வெளியே நிற்கிற கை. அதைப் பற்றி எந்த அரசியல்வாதியும் பேசி நான் கேட்கவில்லை. நல்லதுதான், பேசியிருந்தால் அதையும் கெடுத்திருப்பார்கள்.

காருக்குத் திரும்பியதும் சிநேகிதி கேட்டாள், “அங்கிள், நனைஞ்சிட்டீங்களா?” வேறு ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு இந்த இடம் தெரியாது. வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது.

முதியவர்கள் வழக்கு என்று ஒரு வகை இருக்கிறது. 1974-ல் டைரோன் பகுதியில் வயல் வழியே ஓடிய ஜான் பாட் கன்னிங்ஹாம் என்ற 27 வயதுக்காரரை ரோந்துப் படை சுட்டது. உடம்புதான் வளர்ந்தது, மனசு குழந்தை. சீருடை என்றாலே பயம். அந்த வழக்கில் டென்னிஸ் ஹட்சிங்ஸ் என்ற முன்னாள் வீரரை 2021-ல் பெல்ஃபாஸ்டில் கூண்டில் ஏற்றினார்கள். வயது 80, சிறுநீரகம் போய்விட்டது. டயாலிசிஸ் செய்யாத நாட்களில் மட்டும் கோர்ட். விசாரணை நடக்கும்போதே கொரோனாவில் இறந்தார். இங்கிலாந்தில் அவருடைய தோழர்கள் இதற்குப் பெயர் நீதியா என்றார்கள். கன்னிங்ஹாம் வீட்டார் 47 வருஷம் கழித்து வந்த ஒரே கோர்ட்டும் பாதியில் மூடிவிட்டதே என்றார்கள். இருவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது எனக்கு. அப்படிப் படுவது சௌகரியமாக இல்லை.

மொத்த வியாபாரம் செய்யப் பார்த்தது 2023-ல். செப்டம்பரில் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அந்தக் காலக் குற்றங்களில் தனக்குத் தெரிந்ததை ஓர் ஆணையத்திடம் உண்மையாகச் சொன்னால் வழக்கிலிருந்து விலக்கு. 2024 மே 1-க்குள் முடியாத மரண விசாரணைகள் நிற்கும், புதிய சிவில் வழக்குகள் கூடாது. சொன்ன காரணம் சமரசம். உள்ளிருந்த காரணம் வயதான ராணுவ வீரர்களைக் கோர்ட்டிலிருந்து காப்பாற்றுவது. அது ஒளிவுமறைவாகவும் இல்லை. ஆனால் வீரனுக்கு மட்டும் என்று எழுத முடியாதே, குண்டு வைத்தவனுக்கும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத வட அயர்லாந்துக் கட்சிகள் எல்லாம் ஒரே குரலில் எதிர்த்தன. அரை நூற்றாண்டில் அவர்களை ஒன்று சேர்த்த பெருமை அந்தச் சட்டத்துக்கு உண்டு. அயர்லாந்து அரசு பிரிட்டனையே ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஒருத்தருக்கும் அந்த விலக்கு கிடைப்பதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் அது மனித உரிமை உடன்படிக்கைக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட்டது. ஆட்சி மாறியது. 2025 அக்டோபரில், மேற்சொன்ன தீர்ப்புக்கு ஒன்பது நாள் முன்னால், புதிய அரசு பழையதுக்குப் பதிலாக வேறு மசோதா கொண்டுவந்தது. வக்கீல்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

நாம் ‘பொதுமன்னிப்பு’ என்கிறோம். வெள்ளைக்காரன் சொல்லின் கிரேக்க வேருக்கு மறதி என்றுதான் பொருள், மன்னிப்பு அதில் கிடையாது. நாம்தான் தாராளமாகச் சேர்த்துவிட்டோம். பொதுவிலிருந்து யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. கொலை நடந்தபோது ஒரு கட்சிக்காரனாகக் களத்தில் நின்ற அரசாங்கம், ஐம்பது வருஷம் கழித்து நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் மன்னிப்பு வழங்குகிறது. பிள்ளையைக் கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேட்டாலும் சிக்கல்தான். 2009 ஜனவரியில் ஓய்வுபெற்ற பேராயர் ஈம்ஸும் முன்னாள் பாதிரியார் டெனிஸ் பிராட்லியும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுவிட்டுத்தான் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 12,000 பவுண்டு. ஒவ்வொருவர் என்றால் ஒவ்வொருவரும், குண்டு கொண்டுபோய்ச் செத்தவனின் அம்மாவுக்கும் சேர்த்து. பெல்ஃபாஸ்ட் யுரோப்பா ஹோட்டலில் வெளியீட்டு விழா. இரு பக்கத்து உறவினர்களும் முகத்துக்கு நேர் முகமாக நின்று விரலை நீட்டிக் கத்திக்கொண்டார்கள். திட்டம் சீக்கிரமே செத்தது. தாயின் அழுகை எல்லாம் ஒன்று என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. அதற்கு ஒரே விலைச்சீட்டு ஒட்டியதுதான் பிழை.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிய மன்னிப்பு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தென்பட்டது. அது சதுப்பு நிலத்தில் கிடக்கிறது.

துரோகி என்று சந்தேகித்தவர்களை ஐ.ஆர்.ஏ. கொண்டுபோய்ச் சுட்டுப் புதைத்துவிட்டு, தெரியாது என்று சொல்லிவந்தது. பெரும்பாலும் 1970-களில். 1999-ல் பிரிட்டன், அயர்லாந்து இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்தன. எங்கே புதைத்தாய் என்று மட்டும் சொல். பெயர் வேண்டாம். சொன்னதை எந்தக் கோர்ட்டிலும் உனக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம். எலும்பைக்கூட யார் என்று அறிவதற்கும் எப்படிச் செத்தார் என்று அறிவதற்கும் மேல் சோதிக்க மாட்டோம். முதல் பதில் அந்த மே மாதமே வந்தது. எல்லைக்கு அப்பால் ஃபாஹர்ட் என்ற ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதுச் சவப்பெட்டி. உள்ளே 24 வருஷத்துக்கு முன் காணாமல் போன மனிதர்.

பதினேழு பேரில் பதின்மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். ஜீன் மெக்கான்வில் பத்துக் குழந்தைகளின் தாய், விதவை. 1972 டிசம்பரில் பிள்ளைகள் பார்க்கப் பெல்ஃபாஸ்ட் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள். ஐ.ஆர்.ஏ. காட்டிய இடத்தில் வாரக்கணக்கில் தோண்டியும் இல்லை. 2003-ல் லவுத் மாவட்டக் கடற்கரையில் நடக்கப் போனவர்கள் கண்ணில்தான் தட்டுப்பட்டார். அடையாளம் காட்ட வந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அம்மா துணியில் எப்போதும் ஓர் ஊக்கு குத்தியிருப்பாள் என்று. பத்துக் குழந்தை வீட்டில் ஊக்கு எந்த நேரமும் தேவைப்படும். நம் அம்மாக்கள் தாலிச்சரட்டில் கோத்து வைத்திருப்பார்களே, அதே ஊக்கு. அது இருந்தது.

கிடைக்காதவர் நால்வர். அவர்களில் கொலம்பா மெக்வே என்ற இளைஞர் 1975-ல் போனவர். மோனஹன் மாவட்டத்தில் பிராகன் சதுப்பில் இருப்பதாகத் தகவல். திரும்பத் திரும்பத் தோண்டிவிட்டார்கள். பூமியை வெட்டுவது என்பதைவிடத் தோலுரிப்பது என்று சொல்லலாம். கறுப்பு மண்ணை இயந்திரம் மெல்லிய அடுக்காக வழித்தெடுக்கும், பக்கத்தில் ஓர் ஆள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே நடப்பார். தண்ணீர் ஊறும், இறைப்பார்கள். காடு மாறிவிட்டது, பாதை மாறிவிட்டது. சொன்னவருக்கும் வயதாகிவிட்டது. மகன் எலும்பாவது வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த தாய் 2007-ல் போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டார் யாரையும் சிறைக்கு அனுப்பக் கேட்கவில்லை. நீதி வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டால் முதலில் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள் என்பார்கள். மறுகோடியில் டெர்ரிக்காரர்களுக்கோ இடம் தெரியும், சுவர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், பெயர்தான் திரைக்குப் பின்னால்.

வருஷா வருஷம் நவம்பர் 2, ஆன்மாக்கள் தினத்தில் இந்தக் குடும்பங்கள் ஸ்டார்மாண்ட் பாராளுமன்றக் கட்டடத்துக்கு ஒரு மௌன நடை போகிறார்கள். கட்டடம் மேட்டில் வெள்ளை வெளேரென்று நிற்கும். அதை நோக்கி ஏறிப் போகிற நேர்ச்சாலை, இரு பக்கமும் மரங்கள். நான் ஓரமாகப் புல்லில் நின்றேன். பேனர் இல்லை, கோஷம் இல்லை. முன்னால் ஒரு மலர்வளையம், முழுக்கக் கறுப்பு. அதில் இன்னும் வராதவர்களுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளை லில்லி. யாராவது கிடைத்தால் ஒரு லில்லி குறையும். கிடைத்தவர்களின் வீட்டாரும் நடக்க வருகிறார்கள். அவர்கள் லில்லி போய்விட்டது, ஆனாலும் வருகிறார்கள். நடப்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு பெரியவரை இளம்பெண் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தாள். பேத்தியாக இருக்கலாம்.

படிக்கட்டில் வளையத்தை வைத்தார்கள். அங்கே காற்று சும்மா இருப்பதில்லை. ஒரு லில்லி சாய்ந்தது. அந்தப் பேத்தி இரண்டு படி இறங்கி வந்து நிமிர்த்தினாள். திரும்பவும் சாய்ந்தது. திரும்பவும் வந்தாள். மூன்றாம் முறை தன் தலைமுடியிலிருந்து கிளிப்பைக் கழற்றித் தண்டோடு சேர்த்து வளையத்தில் மாட்டிவிட்டுப் போனாள்.

கூட்டம் கலைந்து கார்களை நோக்கி நடந்தது. எனக்குப் பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது.